மாதிரி முகம்

வண்டி ஓட்டத் தெரியுமா என்று சோதிக்க நகர ரயில் கழகத்துக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது. முகம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத்தான் ஏழு மாதம் பிடித்தது.

மூன்று நாள் சோதனையில் அவள் முதலாவதாக வந்தாள். நூற்றுச் சொச்சம் ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண், அதுவும் முதலிடம். ஓடுகிற வண்டியின் தரையில் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்துவிட்டு பிரேக் பிடிக்கச் சொல்வார்கள். அவள் பிடித்த பிரேக்கில் ஒரு சொட்டு சிந்தவில்லை. கூடப் படித்தவர்களில் ஒருவனுக்குக் குறட்டை என்று பட்டப்பெயர். வகுப்பில் விழித்திருந்ததாக யாருக்கும் நினைவில்லை. அவன் பிடித்த பிரேக்கில் டம்ளர் உருண்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டது. அவன் மறுவாரமே சீருடை மாட்டிக்கொண்டு வேலையில் சேர்ந்தான். முதலாவதாக வந்தவளை மட்டும் மூன்றாம் மாடியில் இருக்கும் முகத் தர நிர்ணயப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள்.

அவளுக்கு வீட்டில் பெயர் கரண்ட்டு. பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தை, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. பெற்ற களைப்பில் படுத்திருந்த அம்மாவும் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பே பெயராக நிலைத்துவிட்டது. அக்கா நல்ல சிவப்பு. அக்காவைக் கடைக்கு அனுப்பினால் கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் கொடுப்பார். இவளை அனுப்பினால் மேஜைமேல் வைப்பார். இதை இவள் எட்டு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா தையல்காரி. தெருவில் உள்ள பெண்களுக்கெல்லாம் ரத்தச் சிவப்பு, கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று தைத்துத் தள்ளுவாள். பெற்ற மகளுக்கு மட்டும் பிஸ்கட் நிறம், இல்லையென்றால் சாம்பல். "அந்தக் கலரெல்லாம் உனக்கு எடுக்காதுடி" என்பாள். பெண் வளர வளர அம்மாவின் வைத்தியமும் வளர்ந்தது. அந்த முகத்தில் பூசாத மாவில்லை, தேய்க்காத பழமில்லை. அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அடுப்புக்கரிக்கு அண்ணன் மாதிரி இருப்பார். அவரை ஒருநாளும் யாரும் எதையும் பூசச் சொன்னதில்லை. ஆம்பளைக்கு என்ன என்று விட்டுவிட்டார்கள்.

இப்படி இருபது வயதுவரை வளர்ந்தவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ரயிலின் முன்னால் உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்தால் நாம் தண்டவாளத்தைப் பார்ப்போம், தண்டவாளம் நம்மைப் பார்க்கும், நடுவில் முகத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள் இருக்க மாட்டான் என்று நினைத்தாள். பாவம், கழகத்தைப் பற்றி அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

சிக்னல் பழுது பார்க்கும் பிரிவில் மழை பெய்தால் வாளி வைப்பார்கள். முகத் தர நிர்ணயப் பிரிவிலோ தரைக்குக் கம்பளம், சுவருக்குக் கண்ணாடி, காற்றுக்கு ஏசி. நடைபாதையில் மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. கழகம் தொடங்கிய நாளில் எடுத்ததாம். முதன்முதலாக டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்த பெண்ணின் சிரித்த முகம். சோற்றுக் கஞ்சி போல வெளுத்திருந்தது. கீழே பித்தளைப் பட்டையில் 'மாதிரி முகம்' என்று பொறித்திருந்தார்கள். மாலை வெயில் நாள் தவறாமல் அதன்மேல் விழும். அதைத் தெய்வீக ஒளி என்று பிரிவின் ஆண்டு மலரில் எழுதியிருந்தார்கள்.

தர அதிகாரி கோட்டுப் போட்ட கட்டை குட்டையான மனிதர். நிறத்தில் கரண்ட்டுவுக்குக் கூடப் பிறந்தவர் என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள்.

"உக்காரும்மா. தப்பா எடுத்துக்காத. எனக்கு நிற வித்தியாசமே கிடையாது. என்னயே பாரேன், நான் என்ன வெள்ளையா? வித்தியாசம் பாக்கற இடமா இருந்தா நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்க முடியுமா?" என்று அவர் ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு யோசி. வண்டி பிளாட்பாரத்துக்குள்ள வருது. ஜனங்க முதல்ல எதப் பாப்பாங்க? முன்கண்ணாடிய. கண்ணாடிக்குப் பின்னாடி என்ன இருக்கு? முகம். அதப் பாத்ததும், 'ஆஹா, இந்த வண்டி நம்மளப் பத்திரமாக் கொண்டு சேத்துடும்'னு ஒரு நம்பிக்கை வரணும்."

"பிரேக் நல்லாப் பிடிச்சா வராதா சார்?"

"பிரேக்க யாரும்மா பாக்கறாங்க?"

"என்கூடப் படிச்சவங்கல்லாம் சேர்ந்துட்டாங்களே சார். அவங்க முகத்த அளந்தீங்களா?"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பெண் ஊழியரின் முகம் கழகத்தின் முகம். ஆண் ஊழியரின் முகம் அவரவர் சொந்த விஷயம். அப்படியே அச்சிட்டிருந்தது.

"நான் என் வீட்டம்மாவ நாப்பது பொண்ணு பாத்துட்டுத்தான் செவப்பாக் கட்டினேன். எனக்காகவா? இல்ல. பொறக்கப் போற பிள்ளைங்களுக்காக. அதுக்குப் பேரு தொலைநோக்கு. அதே தொலைநோக்கோடதான் இந்தப் பிரிவையும் நடத்தறேன்" என்று சொல்லி முடித்தார்.

அளப்பதற்கு ஓர் அம்மாள் இருந்தாள். அறுபதைத் தொடும் வயது. முகத்தில் அப்பியிருந்த பவுடர் கழுத்தில் வந்து திடீரென்று நின்றுவிடும். அதற்குக் கீழே வேறொரு பெண் ஆரம்பிப்பாள். எல்லோருக்கும் அவள் அளவுக்காரம்மா. அவள் கரண்ட்டுவின் தாடையை ஒரு மரத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையால் கட்டி, கன்னத்தோடு ஒவ்வொரு நிற அட்டையாக ஒட்டிப் பார்த்தாள். தலையாட்டினால் அளவு தப்பிவிடும் என்பதால் பதில் பேசவும் வழியில்லை.

"மாதிரிக்கு ஒன்பது அட்டை தள்ளியிருக்கு சார்" என்றாள் அளவுக்காரம்மா. சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை.

"பரவாயில்ல. போன மாசம் ஒரு பொண்ணு பதினொண்ணு. அத நெனச்சா நீ தேவல" என்று அதிகாரி ஆறுதல் சொன்னார். புது நிற அட்டைகள் தயாராகும் அடுத்த அட்டை நாள்வரைக்கும் அவளுக்கு அவகாசம் கொடுத்தார். அதுவரை கீழ்த்தளத்தில் முகச் சீரமைப்புப் பணி. அட்டை நாளிலும் தேறாவிட்டால் ஓட்டுநர் வேலை இல்லை, நிரந்தரமாகக் கீழ்த்தளம்தான். ஒரு சொட்டுச் சிந்தாமல் பிரேக் பிடித்தவளைப் பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளை அடுக்கச் சொன்னார்கள்.

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. பெண்கள் நிறைய இருந்தார்கள். அவர்களில் யாரும் சும்மா ஆள் இல்லை. ஒருத்தி பன்னிரண்டு வருஷம் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள். ஒருத்தி நிலைய மேலாளராக இருந்தவள். எல்லோருமே ஒரு காலத்தில் மாதிரி முகத்துக்குச் சரியாக இருந்து தேறியவர்கள்.

"அதான்டி எங்களுக்கும் புரியல" என்றாள் கவுண்டர்க்காரி. "நான் வெயில்ல காலே வைக்கல. அதே முகம், அதே சோப்பு. பன்னெண்டு வருஷமும் பாஸு, பதிமூணாவது வருஷம் ரெண்டு அட்டை தள்ளிட்டேன்னு கீழ அனுப்பிட்டாங்க."

"என் கதை தெரியுமா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவள் ஒலிபெருக்கியில் வண்டி வரும் நேரம் சொல்லிக்கொண்டிருந்தவள். "மைக்குல பேசறவ மூஞ்சிய எவன் பாக்கப் போறான்னு கேட்டேன். குரல்லயே தெரியுதாம்."

முகச் சீரமைப்பு என்றால் விளையாட்டில்லை. காலையில் அரைமணி நேரம் புன்னகை வகுப்பு. பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது. பிறகு சுரங்கப்பாதையில் நடக்கும்போதுகூடக் குடை பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சுரங்கத்தில் ஏது வெயில் என்று கேட்டவளுக்கு மனப்பான்மை சரியில்லை என்று எழுதிவிட்டார்கள். இதற்கெல்லாம் மேலாகக் கழகமே தயாரித்த ஒரு களிம்பு. 'முன்னேற்றம்' என்று அதற்குப் பெயர். காலையிலும் மாலையிலும் அளவுக்காரம்மாவின் கண்ணெதிரே பூசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது மாதம் கரண்ட்டுவின் முகம் எரிய ஆரம்பித்தது. நான்காவது மாதம் கன்னத்தில் தோல் உரிந்தது. சிரித்தால் உதட்டோரம் வெடித்து ரத்தம் கசிந்தது. அதிகாரி கீழே இறங்கி வந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அடடா! நல்ல அறிகுறி. மேல உள்ளது போகுது பாரு. அடியில நல்ல கலர் இருக்கும்" என்றார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் கைக்குட்டையை விலக்கியதும் அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். எழுந்து வந்து மகளின் தாடையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள். கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு சொன்னாள்:

"எரியுதாடி? இன்னும் கொஞ்ச நாள்தான் பொறுத்துக்கோ. இந்தக் கன்னத்துல லேசாத் தெளிஞ்ச மாதிரிதான் இருக்கு."

கரண்ட்டுவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அதிகாரி டார்ச் அடித்தபோதுகூட வராத ஆத்திரம்.

"தெளிஞ்சிருக்கா? தோல் உரிஞ்சு தொங்குதும்மா. உனக்குத் தெளிஞ்ச மாதிரி இருக்கா?"

"நான் என்னடி பண்ணுவேன்? உன் நல்லதுக்குத்தான சொல்றேன். நாளைக்கு ஊர் வாய யாரு மூடறது?"

"ஊர் வாய விடு. முதல்ல உன் வாய மூடு. இருபது வருஷமா நீதானம்மா சொல்ற. ஊர்ல இருக்கறவங்க எப்பவாவதுதான் சொன்னாங்க. நீ தினமும் சொன்ன. காலையில எழுப்பும்போது சொன்ன, துணி வெட்டும்போது சொன்ன. நான் பொறந்த அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, நீ எதுக்கும்மா சிரிச்ச?"

அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "பெத்தவகிட்ட இப்படியா பேசறது" என்றார்.

"நீங்க பேசாதீங்கப்பா. உங்க கலர்தான் எனக்கு வந்திருக்கு. உங்க மூஞ்சில ஒருநாளாவது ஒரு ஸ்பூன் மாவு பூசியிருப்பாங்களா? பூசட்டும், அதுக்கப்புறம் வந்து பேசுங்க."

பையிலிருந்த களிம்பு டப்பாவை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

அட்டை நாள் வந்தது. கழகத்தின் பெரிய நாள் அது. வருஷத்துக்கு ஒருமுறை மாதிரி முகத்தை ஜன்னலெதிர்ச் சுவரிலிருந்து இறக்கி, சட்டத்தைக் கழற்றி, பெயிண்டர் ஒருவர் அதைப் பார்த்தே புது நிறம் கலக்குவார். அந்த நிறத்தில்தான் அந்த வருஷத்து அட்டைகள் தயாராகும். நிபுணர் குழு மேடையில் உட்கார்ந்திருக்கும். குழுவில் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள், ஏழு தலையிலும் முடி கிடையாது. பெண்கள் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.

நான்கு பேர் படத்தைத் தூக்கி மேஜைமேல் கிடத்தினார்கள். சட்டத்தைக் கழற்றினார்கள். கரண்ட்டு முதல் வரிசையில் நின்றதால் நன்றாகத் தெரிந்தது. சட்டத்தின் மரப்பட்டைக்கு அடியில் இத்தனை வருஷம் வெயில் படாமல் மறைந்திருந்த ஓரம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அந்த ஓரத்தில் படத்திலிருந்த பெண்ணின் தோளும் தாடை நுனியும் கொஞ்சம் வந்திருந்தன. நல்ல கருப்பு. கரண்ட்டுவின் கையைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாத கருப்பு.

பெயிண்டரும் பார்த்தார். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதுல எதப் பாத்துக் கலக்கறது? நடுவுல இருக்கறதா, ஓரத்துல இருக்கறதா?" என்று கேட்டார்.

"வருஷா வருஷம் கேக்கற கேள்வியா இது? நடு!" என்றார் அதிகாரி.

அப்போதுதான் கரண்ட்டு அந்தத் தாடை நுனியில் இருந்த மச்சத்தைப் பார்த்தாள். மிளகு அளவு, இரட்டை மச்சம். கன்னத்தில் அட்டையை ஒட்டும்போதெல்லாம் ஒரு சாண் தூரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே மச்சம். பவுடராலும் அதை மறைக்க முடிந்ததில்லை.

"அளவுக்காரம்மா, இது நீங்கதான?" என்றாள்.

அளவுக்காரம்மா கையிலிருந்த அட்டைக் கட்டை மேஜைமேல் வைத்தாள்.

"நான்தான்" என்றாள்.

"சார், படம் வெயில்ல வெளுத்துப் போயிருக்கு சார்" என்றாள் கரண்ட்டு. "வருஷா வருஷம் வெளுக்குது. நீங்க வருஷா வருஷம் அதப் பாத்து அட்டை போடறீங்க. கீழ இருக்கற யார் முகமும் மாறல சார். உங்க படம்தான் மாறியிருக்கு. அந்தப் படத்துல இருக்கறவங்க இதோ நிக்கறாங்க. அவங்க கருப்பு சார்!"

குழு கூடிப் பேசியது. தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிப் பேசினார்கள். காபி வந்தது, குடித்தார்கள். கடைசியில் குழுத்தலைவர் எழுந்தார்.

"இந்தப் பெண் சொன்னதைக் குழு திறந்த மனதோடு பரிசீலித்தது. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பது உண்மைதான். மறைக்க விரும்பவில்லை. தொடக்கத்தில் படமும் இந்த அம்மையாரும் ஒரே நிறத்தில்தான் இருந்தார்கள். அதன் பிறகு படம் என்ன செய்தது? ஒருநாள் விடுப்பு எடுக்காமல், ஓர் இடத்தில் அசையாமல் நின்று, வருஷத்துக்கு வருஷம் முன்னேறியிருக்கிறது. இந்த அம்மையார் முன்னேறவில்லை. கழகம் கொடுத்த களிம்பு, குடை, ஊக்கம் எல்லாம் இருந்தும் அப்படியே இருக்கிறார். ஆக, தரம் தவறியது படம் அல்ல, அம்மையார்தான். அவர்மீது நடவடிக்கை வேண்டாம் என்று குழு பெருந்தன்மையோடு முடிவு செய்கிறது."

பலத்த கைதட்டல். பெயிண்டர் நடுவைப் பார்த்து நிறம் கலக்கினார். அந்த வருஷத்து அட்டை கிட்டத்தட்ட வெறும் காகிதமாக இருந்தது. கரண்ட்டுவை அளந்தபோது பத்து அட்டை தள்ளியிருந்தது. மேலும் இரண்டு பெண்கள் அன்றே கீழ்த்தளத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு அளவுக்காரம்மா அவளிடம் வந்தாள்.

"மூணாவது வருஷமே என் முகத்த வச்சு என்னையே ஃபெயிலாக்கினாங்கம்மா. கீழ போறியா, மத்தவங்கள அளக்கறியான்னு கேட்டாங்க. அளக்கறேன்னேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றாள் கரண்ட்டு. "தெரிஞ்சுக்கிட்டே எங்க தாடையப் பிடிச்சு வச்சு அளந்திருக்கீங்க. அவரு முட்டாளு, அதனால அளக்கச் சொல்றாரு. நீங்க முட்டாள் இல்லயேம்மா."

கரண்ட்டு குடைகளை அடுக்கப் போய்விட்டாள். அவளுக்கு இரக்கப்படத் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் கழகத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. நகரத்தின் புதிய வழித்தடம் திறப்பதாக இருந்தது. சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தார்கள். அவர் பெண்கள் முன்னேற்றத்தில் அக்கறை உள்ளவர் என்று கேள்விப்பட்டு, முதல் வண்டியை ஒரு பெண் ஓட்டுவார் என்று அழைப்பிதழில் அடித்துவிட்டார்கள். ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. பிறகுதான் தேடினார்கள். மாதிரிக்குப் பொருந்திய பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள், வண்டி ஓட்டத் தெரியாது. வண்டி ஓட்டத் தெரிந்த பெண் ஒருத்திதான் இருந்தாள். அவள் கீழ்த்தளத்தில் இருந்தாள்.

அதிகாரி அவளை மேலே அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"உனக்காக நான் குழுவோட சண்டையே போட்டேம்மா. முடியவே முடியாதுன்னாங்க. கடைசியில நான்தான் ஒரு வழி கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிச் சுருட்டி வைத்திருந்த ஒன்றை மேஜைமேல் விரித்தார்.

மாதிரி முகம்தான். முன்கண்ணாடி அளவுக்குப் பெரிதாக அச்சடித்த ஸ்டிக்கர்.

"இத வண்டி முன்னாடி ஒட்டிடுவோம். ஜனங்களுக்கு இந்த முகம் தெரியும். பின்னாடி உக்காந்து நீ ஓட்டலாம். உனக்கும் ஆசை நிறைவேறுது, கழகத்துக்கும் கௌரவம் நிக்குது."

"எனக்குத் தண்டவாளம் தெரியணுமே சார்."

"உன் வசதிய யோசிக்காம விட்டுடுவோமா? பாரு, கண்ணு இருக்கற இடத்துல ரெண்டு ஓட்டை விட்டிருக்கு. நம்பர் ஒன் பசை. நானே சொல்லிப் போட்டது. பத்து மழைக்காலம் வந்தாலும் உரியாது."

கரண்ட்டு அந்த இரண்டு ஓட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி சார்" என்றாள். மறுபேச்சுப் பேசவில்லை. அதிகாரிக்கு அது அடக்கமாகப் பட்டது. இந்த ஏழு மாதத்தில் பெண் திருந்திவிட்டாள் என்று குழுவிடம் பெருமையாகச் சொன்னார்.

திறப்பு நாள். புது நிலையத்தில் கூட்டம் அலை மோதியது. கீழ்த்தளத்துப் பெண்களையும் அன்று மேலே வரவிட்டிருந்தார்கள், பின்வரிசையில் நிற்கச் சொல்லி. கரண்ட்டுவின் அம்மா அவர்களோடு நின்றுகொண்டிருந்தாள். மாதக்கணக்கில் மகள் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் வந்திருந்தாள். சிறப்பு விருந்தினர் முதல் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். குழுவினர் ஏழு பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வண்டியின் முன்னால் வெளுத்த முகம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கொடி அசைந்தது. வண்டி அசையவில்லை.

மறுபடி கொடி அசைத்தார்கள். பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்துக்கு. ஓட்டுநர் பேசுகிறேன். முன்கண்ணாடி மறைந்திருப்பதால் வண்டி புறப்படாது."

ஓட்டுநர் கையேட்டில் முதல் பாடமே இதுதான். முன்கண்ணாடியில் கையகலம் மறைந்திருந்தாலும் வண்டியை நகர்த்தக் கூடாது. யார் உத்தரவிட்டாலும் கூடாது. மறைத்தது யாரோ அவரே நேரில் வந்து அகற்ற வேண்டும். தெளிவாகத் தெரிகிறது என்று ஓட்டுநர் சொன்ன பிறகே புறப்படலாம். கையேட்டைப் படிக்காமல் வண்டி ஓட்ட முடியாது என்பதால் ஓட்டுநர்கள் படிப்பார்கள். அதிகாரிகளுக்கு அந்த அவசியம் ஏற்பட்டதில்லை.

தர அதிகாரி நடைமேடையில் ஓடி வந்தார். பக்கவாட்டு ஜன்னலில் தட்டினார். கரண்ட்டு ஜன்னலைத் திறந்தாள்.

"என்னம்மா இது? ரெண்டு ஓட்டை இருக்கில்ல? எடு வண்டிய!"

"ஓட்டை வழியா ஓட்டச் சொல்லிக் கையேட்டுல இல்ல சார்."

"வேற ஆளப் போட்டு எடுக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க சார்."

குறட்டையைக் கூட்டிவந்தார்கள். அவன் இரண்டு ஓட்டைகளையும் பார்த்தான், பெட்டிக்குள் இருந்த பெரிய மனிதரைப் பார்த்தான். அவனுக்குத் தூக்கம் முழுவதும் தெளிந்துவிட்டது. "இத வச்சுக்கிட்டு என்னால முடியாது சார்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் மறைந்தான். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கரண்ட்டு பிரேக்கை இறுக்கிப் பூட்டி, சாவியை எடுத்து, மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். ஏணி கொண்டுவந்து வண்டிக்கு எதிரே தண்டவாளத்தின் மேல் நிறுத்தினார்கள். வேறு யாரும் ஏறலாகாது என்பது கையேடு. தர அதிகாரி கோட்டைக் கழற்றக்கூட மறந்து ஏறினார்.

பசை நிஜமாகவே நம்பர் ஒன்தான். நகத்தால் சுரண்டினார். நெற்றி கொஞ்சம் வந்தது. ஒரு புருவம் வந்தது. கன்னம் வரவே மாட்டேன் என்றது. அவர் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. நடைமேடையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் வண்டி நேரம் சொல்பவள் சிரித்தது தனியாகக் கேட்டது. அது மைக் இல்லாமலே எல்லா இடத்துக்கும் எட்டும் குரல்.

"வேலை போயிடும். தெரியுமா?" என்றார் அவர், பாதி உரிந்த முகத்துக்கு மேலிருந்து.

"தெரியும் சார். மூக்கு இன்னும் இருக்கு."

மூக்கைச் சுரண்டினார். நகம் உடைந்தது. மறுகையால் சுரண்டினார். துண்டு துண்டாக வெளுத்த முகம் தண்டவாளத்தில் விழுந்தது. உரிந்த இடத்தில் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்த முகம் தெரிய ஆரம்பித்தது. களிம்பு தின்ற தழும்பு கன்னத்தில் அப்படியே இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. அம்மா பின்வரிசையிலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு நடைமேடையின் ஓரம்வரை வந்து நின்றாள்.

கரண்ட்டு அவசரப்படவில்லை. இடது மூலையைப் பார்த்தாள், வலது மூலையைப் பார்த்தாள். கீழே ஓர் உதட்டுத் துண்டு ஒட்டியிருப்பதைக் காட்டினாள். அவர் அதையும் எடுத்தார்.

"இப்பவாவது எல்லாம் தெரியுதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"தெரியுது சார்" என்றாள் அவள், சாவியைப் போட்டுக்கொண்டே. "நீங்க மட்டும்தான் மறைக்கறீங்க. இறங்குங்க."